நாற்றம் தின்னும் கோபுரம்

காலை ஆறு மணி பத்து நிமிடம். முள்ளுக்குறிச்சியில் பேருந்தைவிட்டு இறங்கி, ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலையின் இரும்பு வாசலுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது, பச்சை நிற உருளைக் கோபுரம் ஒன்றின் கழுத்தில் தொங்கிய சாமந்தி மாலை. மூன்று ஆள் உயரம் இருக்கும். விபூதிப் பட்டை அடித்து, நடுவில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். அடியில் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. அதில் எறும்பு மொய்த்தது.

நாற்றம் எதுவும் இல்லை. நான் வந்ததே நாற்றத்துக்காகத்தான்.

மலேசியாவின் ஈப்போவில் ஒரு தமிழ் நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் வட்டாரத்தில் செம்பனை எண்ணெய் ஆலைகள் உண்டு. பழக்குலைகளை அவித்த கழிவுநீர் கொதிக்கக் கொதிக்கக் குட்டைக்குப் போகும். அங்கிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பி ஊருக்குள் வரும். அதைப் பற்றிப் பலமுறை எழுதியிருக்கிறேன். ஆலைக்காரர்களின் மறுப்பையும் பலமுறை பிரசுரித்திருக்கிறேன்.

என் பெரியப்பா குடும்பம் மலாயாவுக்குக் கப்பல் ஏறாமல் நாமக்கல் பக்கமே தங்கிவிட்டது. அந்த வீட்டுப் பேத்தி செல்வி கழிவுநீர் பொறியாளர். என்னை அத்தை என்பாள். கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு மரவள்ளி ஆலையில், சூட்டைத் தாங்கும் பாக்டீரியாவை வைத்து அதே வாடையை ஒழித்துக்கொண்டிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னாள். பார்த்து எழுதலாம் என்று புறப்பட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜை. ஆலையின் மேஸ்திரி பழனிசாமி காகிதத்தில் பொரி, கடலை, நாட்டுச் சர்க்கரை கொடுத்தார். சாமிக்கு வைத்தது, சாப்பிடுங்கள் என்றார். கோபுரத்தைத் தடவிக் காட்டினார். நான்கு பேர் ஒரு பகல் முழுக்க வேலை செய்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து, உள்ளே நிரப்பியிருந்த பிளாஸ்டிக் வளையங்களைச் சாக்குச் சாக்காக எடுத்து, தேங்காய் நாரால் தேய்த்து, ஜவ்வரிசி காயப்போடும் களத்தில் உலர்த்தித் திரும்ப நிரப்பியிருந்தார்கள்.

“உள்ள பூராச் சளியாட்ட வழுவழுன்னு கெடந்துதுங்க. சாமிக்கு முன்னால அப்படியே வெக்க முடியுமுங்களா?” என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊரிலும் லாரிக்காரர்கள் அன்றைக்குச் சக்கரத்தைக்கூடச் சோப்புப் போட்டுக் கழுவுவார்கள். ‘ஆலை வளாகம் தூய்மை. வாடை இல்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

செல்வி ராசிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தவள், கோபுரத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றுவிட்டாள்.

“பிளீச்சிங் பவுடர் போட்டீங்களாண்ணா?”

“ரெண்டு தடவ போட்டோம் கண்ணு. ஒரு பொட்டு அழுக்கு இல்ல, பாரு.”

அவள் அலுவலகப் படியில் உட்கார்ந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபுரம் பளபளக்கிறது, வாடை இல்லை, இவள் முகம் ஏன் இப்படி ஆகவேண்டும்?

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் தருகிறேன். கிழங்கு அரைத்த கழிவுநீர் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடிய பெரிய தொட்டியில் புளிக்கிறது. அதிலிருந்து எழும் வாயுவை வைத்து அடுப்பெரிக்கலாம். ஆனால் அதில் கந்தக வாயு கலந்திருக்கிறது, நாற்றம் அதனுடையது. வாயு கோபுரத்தின் அடியில் நுழைந்து மேலே போகும். மேலிருந்து தண்ணீர் சொட்டும். நடுவே வளையங்களில் படிந்திருக்கும் பாக்டீரியா கந்தகத்தை மட்டும் தின்றுவிடும். கோபுரம் ஜவ்வரிசி வறுக்கும் அடுப்பை ஒட்டி நிற்பதால் முன்பு வைத்த சாதாரண பாக்டீரியா அனலில் செத்துப்போனது. அதனால்தான் சூட்டிலேயே வாழ்கிற இனத்தைத் தேடிப் பிடித்து, வெந்நீர் சொட்டவிட்டு, ஒரு மாதத்துக்கு மேல் வளர்த்தாள். பழனிசாமியின் ஆட்கள் தேய்த்துக் கழுவிய சளி அதுதான்.

அப்படியானால் இப்போது ஏன் நாறவில்லை என்று கேட்டேன். பூஜை நாளில் எந்திரம் ஓடக்கூடாது என்று வாயு வால்வை மூடிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றாள்.

நல்ல நேரம் வந்தது. செல்வி இப்போது வேண்டாம் என்றாள்; நேரம் தப்பக்கூடாது என்றார்கள். பழனிசாமி எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி, கற்பூரம் காட்டி, வால்வைத் திறந்தார். சற்று நேரத்தில் ஈப்போவின் குட்டை வாடை முள்ளுக்குறிச்சியில் வந்து நின்றது. ஆட்கள் துண்டால் மூக்கைப் பொத்தினார்கள். நான் நகராமல் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் வாடை குறைந்து, பிறகு நின்றே போனது. சரியாகிவிட்டது போலிருக்கிறதே என்று செல்வியிடம் சொன்னேன். அவள் வால்வை மூடச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள்.

“சரியாகலை அத்தை. உங்க மூக்கு செத்துப்போச்சு. இந்த வாயு மொதல்ல மூக்கத்தான் கொல்லும். நாறுனா ஒரு பயம், நாறலேன்னா ரெண்டு பயம்.”

அந்த நாள் முழுக்க நான் என் மூக்கை நம்பவில்லை. பொரிக்கு மணம் இருக்கிறதா என்றுகூட முகர்ந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி அளக்க வருகிறார். போன பருவத்தில் ஊர்க்காரர்கள் புகார் கொடுத்து ஆலையை நிறுத்தியிருக்கிறார்கள். வாடை மட்டுமில்லை, வீட்டுப் பெண்களின் வெள்ளிக் கொலுசெல்லாம் கறுத்துப்போனது என்று டீக்கடைக்காரர் சொன்னார். வெள்ளிக்கிழமை அளவு எல்லைக்குள் வந்தால்தான் ஆலை ஓடலாம். வந்துவிடும் என்று நம்பி ஆலை முதலாளி கிழங்கு தோண்டச் சொல்லி மலைக்கு ஆள் அனுப்பிவிட்டார். மலைமேல் திருப்புலி நாடு என்ற ஊரில் வரதராசு என்பவர் தோண்டத் தொடங்கியும் விட்டார். மண்ணுக்குள் இருக்கிறவரை கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. தோண்டினால் மூன்றாம் நாள் உள்ளே நீலக் கோடு ஓடும், அப்புறம் மாடுகூடத் தின்னாது. அவருடைய ஒரு வருஷ விளைச்சல் அது.

அவரைத் தொலைபேசியில் பிடிக்க முடியவில்லை. அவர் வீடு இருக்கும் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மலைக்குப் போக இன்னொரு காரணமும் இருந்தது. செல்வி தன் பாக்டீரியாவை முதலில் எடுத்தது திப்பிக் குவியலில். திப்பி என்பது மாவைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கை. குவித்துவைத்தால் தானாகவே உள்ளே கொதிக்கும். ஆலையில் இருந்த குவியல் எங்கே என்று பழனிசாமியிடம் கேட்டாள். அவர் தலையைச் சொறிந்தார். பூஜைக்கு வளவு முழுக்கச் சுத்தம் செய்தபோது அதையும் அள்ளி எருவுக்கு அனுப்பிவிட்டார்களாம். கடைசி லோடு போனது வரதராசு காட்டுக்கு. காடு என்றால் இங்கே விளைநிலம்.

மதியப் பேருந்தில் ஏறினோம். மூன்றாவது வளைவில் ஹாரன் செத்துவிட்டது. ஹாரன் இல்லாமல் இந்த மலையில் ஏறமாட்டேன் என்று ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டினார். கண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இறங்கி வளைவுக்கு முன்னால் நடந்துபோய் விசில் ஊதினார். பேருந்து பின்னால் ஊர்ந்தது. நாலைந்து வளைவுக்குப் பின் அவருக்கு மூச்சு வாங்கியது. முன் இருக்கையில் இருந்த பெண்மணி, பேளுக்குறிச்சிச் சந்தையில் வாங்கிய புது எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் சன்னலுக்கு வெளியே நீட்டித் தட்டத் தொடங்கினார். எதிரே வந்த லாரி ஒதுங்கி நின்றது. லாரிக்காரர், யார் வீட்டுச் சீர்வரிசை என்று கேட்டார்.

“உங்க ஊட்டுக்குத்தான், எறங்கி வாங்கிக்குங்க,” என்றார் அந்தப் பெண்மணி.

எங்கள் கேமரன் மலைப் பேருந்தில் இப்படி நடந்தால் யாராவது காணொளி எடுத்திருப்பார்கள். இங்கே ஒருவரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

வரதராசுவின் வீடு மிளகுக்கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே இருந்தது. அவர் காட்டில் இருந்தார். மனைவி அலமேலு, வேகவைத்த கிழங்கும் பச்சை மிளகாய்ச் சட்னியும் தட்டில் வைத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டில் மரவள்ளி சமைத்ததில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருஷம் அதை மட்டுமே தின்ற என் அப்பா அதன் பெயரைக்கூடச் சொல்லவிடமாட்டார். அறுபது வயதைத் தாண்டி முதல் தடவையாகச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இதற்கா அவர் அத்தனை கோபப்பட்டார் என்று குழப்பமாகவும் இருந்தது.

செல்வி நடந்ததைச் சொன்னாள். அலமேலு கேட்டுக்கொண்டே இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தார்.

“அப்ப சாமி கும்புடறேன்னு சாமியவே கழுவி ஊத்திப்புட்டாங்க,” என்றார். பிறகு ஒரு சந்தேகம் கேட்டார். “அந்தப் பூச்சி நாத்தத்தத் தின்னுபோட்டு என்னத்தக் கண்ணு வெளிய உடும்?”

கந்தகத் தூள், கொஞ்சம் அமிலம் என்றாள் செல்வி. அது நாறாதா என்று அலமேலு கேட்டார். நாறாது. அப்படியானால் உன் மாமாவுக்கும் அந்தப் பூச்சியில் கொஞ்சம் கொடு என்றார் அலமேலு. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வரதராசு காதில் அது விழுந்தது. அவர் சிரித்தார். செல்வி சொன்னதைக் கேட்டபின் சிரிக்கவில்லை.

பாதிக் காடு தோண்டியாகிவிட்டது. கிழங்கு தழை போட்டு மூடிக் கிடந்தது. மீதியைத் தோண்ட நாளைக் காலை ஆட்கள் வருகிறார்கள். இந்த மலையில் அதற்குக் கூலி இல்லை. ஒருவர் காட்டில் எல்லாரும், அடுத்து இன்னொருவர் காட்டில் எல்லாரும் என்று முறை வைத்துத் தோண்டுகிறார்கள். நாளை வரதராசுவின் முறை. விட்டால் எல்லார் காடும் முடிந்துதான் திரும்ப வரும். அதற்குள் மழை இறங்கினால் மண்ணிலேயே அழுகும்.

“புடுங்கட்டுமா, வேண்டாமா? ஒரு வார்த்த சொல்லு சாமி,” என்றார்.

செல்வி தட்டைக் கீழே வைத்தாள். “எனக்குத் தெரியலீங்க மாமா,” என்றாள்.

அவர் தலையசைத்தார். மறுநாள் விடியும்போதே ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர் காட்டுக்குப் போய்க் கடப்பாறையை எடுத்துக்கொடுத்தார்.

திப்பிக் குவியல் காட்டோரம் இருந்தது. மேலே தொட்டால் ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அலமேலு மண்வெட்டியால் வெட்டித் திறந்ததும் ஆவி எழுந்தது. செல்வி நீளமான வெப்பமானியைச் செருகினாள். நான் கையை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டேன். இந்தச் சூட்டில் எதுவும் உயிரோடு இருக்குமா என்று கேட்டேன். இதைவிட ஆறினால்தான் இதுகளுக்குச் சங்கடம் என்றாள். நடுவில் இருந்ததை மட்டும் அள்ளினாள். கீழே போவதற்குள் ஆறிவிடக்கூடாது. அலமேலு வீட்டுக்குள் போய், மகள் கல்யாணத்துக்கு வந்த பெரிய ஹாட் பாக்ஸைக் கொண்டுவந்தார். இன்னும் அதில் ஒரு தோசைகூட வைக்கவில்லை என்றார்.

இறங்கும் பேருந்தில் அது என் மடியில் இருந்தது. இந்த முறை ஹாரன் வேலை செய்தது; அதே கண்டக்டர்.

“என்னங்கம்மா, பிரியாணிங்களா?”

செல்வி, பாக்டீரியா என்றாள்.

அவர் டிக்கெட்டைக் கிழித்தார். “சைவந்தானுங்களே?”

அன்று பிற்பகலும் வியாழக்கிழமை முழுதும் ஆலையில் கழிந்தன. வளையங்களை நல்ல தண்ணீரில் அலசி அலசிப் பிளீச்சிங் வாடையைப் போக்கினார்கள். திப்பியை வெந்நீரில் கரைத்துத் துணியில் வடித்துக் கோபுரத்துக்குள் சுற்றவிட்டார்கள். பார்ப்பதற்கு, கழுவிய ஒன்றை மறுபடி அழுக்காக்குவது போலவே இருந்தது. வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள் செல்வி. கோபுரத்தின் அடியில் ஒரு குழாய், மேலே ஒரு குழாய். இரண்டிலும் கருவியை வைத்து மாறி மாறி அளந்தாள். புதன்கிழமை இரண்டும் ஒன்றாக இருந்தன. வியாழக்கிழமை மாலை மேலே சற்றுக் குறைந்திருந்தது. நல்ல செய்தியா என்று கேட்டேன். செய்தியே இல்லை, கருவியின் பிசகாகவும் இருக்கலாம் என்றாள். நாளிதழில் இப்படி ஒரு பதிலை நான் தலைப்பாக்கியதே இல்லை.

பழனிசாமி யாரையும் கோபுரத்தின் பக்கம் விடவில்லை. பெருக்க வந்த பெண்ணிடம் துடைப்பத்தையே வாங்கிவைத்துக்கொண்டார். செல்வியிடம் அவர் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

“வரதராசு கெழங்கு என்னாகும் கண்ணு?”

அவள் கருவியை மறுபடி மேல் குழாயில் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வரதராசுவின் லாரி வந்து வாசலுக்கு வெளியே நின்றது. திங்களன்று தோண்டியது அடியில், புதன்கிழமை தோண்டியது மேலே. அவர் முன்சக்கரத்தின் நிழலில் குந்தியிருந்தார். அலமேலுவும் கூட வந்திருந்தார். ஹாட் பாக்ஸைத் திரும்ப வாங்கிப் போக வந்ததாகச் சொன்னார்.

அதிகாரி பத்து மணிக்கு மேல் வந்தார். நடுத்தர வயது, குறைவான பேச்சு. மேல் குழாயில் தன் கருவியைப் பொருத்தினார். எண் நின்றது. எல்லைக்குள்தான் இருந்தது. முதலாளி பெருமூச்சு விட்டார். அதிகாரி பேனாவைத் திறந்தார்.

அப்போது செல்வி, கீழ்க் குழாயிலும் அளக்க வேண்டும் என்றாள்.

முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி எதற்கு என்று கேட்டார். மாதக்கணக்கில் ஆலை ஓடாததால் தொட்டியில் பழைய கழிவுதான் இருக்கிறது; உள்ளே வரும் வாயுவே மெலிந்துபோயிருக்கிறது; மேலே எண் குறைந்தது முழுக்கக் கோபுரத்தின் வேலை இல்லை என்றாள். இவள் யார் பக்கம்?

அவர் கீழேயும் அளந்தார். உள்ளே போன கந்தகத்தில் ஏறத்தாழப் பாதியைத்தான் பாக்டீரியா தின்றிருந்தது.

“ஓடாத ஆலையில எடுத்த அளவு செல்லாதுன்னு நீங்களே சொல்றீங்க,” என்றார் அதிகாரி. “ஓட்டணும்னா எனக்கு அளவு வேணும். அளக்கணும்னா ஆலை ஓடணும். நான் என்ன எழுதட்டும்?”

இன்னொன்றும் உண்டு என்றாள் செல்வி. ஆலை ஓடாவிட்டால் வாயு இன்னும் மெலியும். வாயு மெலிந்தால் பாக்டீரியா பட்டினியில் சாகும். நாற்றம் வந்தால்தான் நாற்றத்தை ஒழிக்கிறது வளரும்.

இதை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். பிறகு ஜீப்பில் போய் உட்கார்ந்து மேலதிகாரியோடு பேசினார். கதவு மூடியிருந்தது. ஊர்க்காரர்கள் சிலர் வாசலில் கூடியிருந்தார்கள். நாறுகிறதா இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு நடந்தது. ஒருவர் நாறுகிறது என்றார், பக்கத்தில் நின்றவர் அது உன் சட்டை என்றார். நானும் முகர்ந்தேன். முடிவுக்கு வரமுடியவில்லை.

அதிகாரி இறங்கி வந்தார். ஒரு வாரத்துக்குச் சோதனை ஓட்டம். அடுத்த வெள்ளிக்கிழமை மேலும் கீழும் அளப்பார். தேறாவிட்டால் பருவம் முழுக்க மூடல். அதுவரை முதலாளி தன் பொறுப்பில் ஓட்டலாம். முதலாளி கையெழுத்துப் போட்டார். செல்வியைப் பார்க்காமலேயே, மேஸ்திரியிடம் லாரியை உள்ளே விடச் சொன்னார். நல்ல கிழங்காக இருந்தால் மட்டும் இறக்கு, கெட்டுப்போன கிழங்கில் மாவு கறுக்கும் என்றார்.

லாரி எடைமேடையில் ஏறி நின்றது. வரதராசு கூடவே நடந்து வந்தார். அலமேலு வாசலிலேயே நின்றுகொண்டார்.

வரும் கிழங்கை உடைத்துப் பார்த்துத் தேர்வது இந்த ஆலையில் மேஸ்திரியின் வேலை. பழனிசாமி லாரியின் பின்பலகையில் ஏறி, மேலே கிடந்ததில் ஒன்றை எடுத்து உடைத்தார். வெள்ளையாக இருந்தது. நடுவில் ஒன்று. அதுவும் வெள்ளை. கையை ஆழமாக விட்டு அடியிலிருந்து சின்னதாக ஒன்றை உருவி, பலகை விளிம்பில் வைத்து உடைத்தார்.

நான் பக்கத்தில் நின்றேன். உள்ளே நீலக் கோடு ஓடியிருந்தது.

பழனிசாமி இரண்டு துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வரதராசுவைப் பார்த்தார். துண்டுகளைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “எறக்குங்கடா,” என்றார்.